ஜப்பான் தேசமும் நமது மேகமலையும்

சென்ற வாரம் நாம் மதுரையிலிருந்து மேகமலைக்குப் போயிருந்தோம். மலை ஏறுமுன் சின்னமனூரில் ஒரு தேநீர்க் கடையில் சற்றுத் தங்க நேர்ந்தது. அங்கே நாலைந்து வாலிபர்கள் கைபேசியை வைத்துக்கொண்டு ஜப்பான் தேசத்து விசித்திரங்களை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்நாட்டு அதிவேக ரயில்களின் சராசரித் தாமதம் மிகமிகக் குறைவு என்றார் ஒருவர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளே துடைப்பம் எடுத்து வகுப்பறையைப் பெருக்குகிறார்கள் என்றார் மற்றொருவர். அங்கே குரங்குகள்கூடப் பனிக்காலத்தில் வெந்நீர் ஊற்றில் உட்கார்ந்து ஸ்நானம் செய்கின்றன என்றார் மூன்றாமவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஒரு வாலிபர் கடைசியில், "அவர்கள் பிறப்பே வேறு, நம் பிறப்பே வேறு. நமக்கு அதெல்லாம் வராது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்தத் தீர்ப்பு மலைப்பாதை முழுவதும் நம் காதில் ஒலித்துக்கொண்டே வந்தது. வக்கீல் தொழில் பார்த்த பழக்கத்தினால், சாட்சி விசாரிக்காமல் சொல்லப்பட்ட தீர்ப்பை அப்படியே ஒப்புக்கொள்ள நமக்கு மனம் வருவதில்லை. பிறர் பெருமையை வியப்பதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் வியப்பு முடிகிற இடத்தில் முயற்சி தொடங்க வேண்டும். அங்கே அவநம்பிக்கை தொடங்குமானால் அந்த வியப்பே விஷமாகிவிடும். ஒரு தேசத்தை அடிமை கொள்ள அந்நியன் படை திரட்டி வர வேண்டுமென்பதில்லை. நம்மால் ஆகாது என்று அதன் வாலிபர்கள் நம்பிவிட்டால் அதுவே போதும். ஆகவே ஜப்பானியரின் சிறப்புகள் பிறப்பினால் வந்தவையா, பிரயாசையினால் வந்தவையா என்பதை, மேகமலையையும் அதன் அடியில் விரிந்து கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கையும் எதிரே வைத்துக்கொண்டு சற்று விசாரிக்க விரும்புகிறோம்.

அன்று பெற்ற தைரியம்

ஜப்பானைப் பார்த்துத் தமிழர் வியப்பது இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1893-ஆம் வருஷம் ஜூலை மாதம், சிக்காகோ சர்வமத மகாசபைக்குப் போகும் வழியில் சுவாமி விவேகானந்தர் ஜப்பானில் தங்கினார். யொக்கஹாமாவிலிருந்து அவர் சென்னையில் இருந்த அளசிங்கப் பெருமாள் முதலிய தம் சீடர்களுக்குக் கடிதம் எழுதினார். அதில் ஜப்பானியரின் சுத்தத்தைப் புகழ்ந்து, நம் வாலிபர்கள் வருஷந்தோறும் அங்கே சென்று பார்த்து வரவேண்டும் என்று வற்புறுத்தினார். 1905-ஆம் வருஷம் மே மாதத்தில் ஜப்பானியக் கடற்படை சூஷிமா ஜலசந்தியில் ருஷ்யக் கடற்படையை முறியடித்தபோது, ஆசியா கண்டம் முழுவதுமே தலை நிமிர்ந்தது. தமிழ்நாட்டுத் தேசபக்தர்களும் அதைத் தங்கள் வெற்றிபோலவே கொண்டாடினார்கள். வெள்ளையன் வெல்ல முடியாதவன் அல்லன் என்னும் ஒரே செய்தியை அவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

நம் பாட்டனார்கள் எந்த ஜப்பானைப் பார்த்துத் தைரியம் அடைந்தார்களோ, அதே ஜப்பானைப் பார்த்து நம் பிள்ளைகள் இன்று மனம் தளர்வது விந்தை அல்லவா? இவ்விருவருக்கும் வித்தியாசம் இதுதான். முன்னோர் ஜப்பான் நடந்து வந்த வழியைப் பார்த்தார்கள். இன்றைய வாலிபர் அது போய்ச் சேர்ந்த இடத்தை மட்டும் பார்க்கிறார்கள். 1853-ல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வந்து மிரட்டியபோது எதிர்த்து நிற்கும் வலிமையற்று, பிற தேசத்தார் வைத்த உடன்படிக்கைகளுக்கெல்லாம் கையெழுத்திட்ட நாடுதான் அது. 1868-ல் மெய்ஜி சக்கரவர்த்தியின் பெயரால் வெளியிடப்பட்ட பிரதிக்ஞையில், உலகம் முழுவதும் தேடி அறிவைக் கொண்டுவருவோம் என்பது ஒரு பகுதி. தமக்குத் தெரியாதது உண்டு என்று ஒப்புக்கொண்ட அந்த நாளில்தான் அவர்களுடைய ஏற்றம் தொடங்கிற்று.

இலை ஒன்று, வழி இரண்டு

சின்னமனூரிலிருந்து மேலே செல்லும் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். மலைநிலத்தைக் குறிஞ்சி என்று பூவின் பெயராலேயே அழைத்த ஜாதி நாம். கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டு ஒன்றிலேயே 99 பூக்களின் பெயர்களை அடுக்கிச் சொல்லியிருக்கிறார். ஜப்பானியரும் பூவின்மேல் பித்துக் கொண்டவர்களே. செர்ரி மரங்கள் பூக்கும் காலத்தில் வேலையை விட்டுவிட்டு மரத்தடியில் கூடுவார்கள். ஆனால் அவர்கள் கூடிக் களித்ததோடு நிற்கவில்லை. கியோட்டோ நகரத்தில் செர்ரி பூத்த நாளைப் பற்றிய குறிப்புகள் ஒன்பதாம் நூற்றாண்டு முதல் கிடைக்கின்றன. 2021-ஆம் வருஷம் மார்ச் 26-ஆம் தேதியே பூ முழுவதும் மலர்ந்துவிட்டது. ஆயிரத்து இருநூறு வருஷத்துக் குறிப்புகளில் இத்தனை சீக்கிரம் மலர்ந்ததில்லை என்று கண்ட விஞ்ஞானிகள், பூமி சூடேறி வருவதற்கு அதையும் ஒரு சான்றாக எடுத்துக்கொண்டார்கள். கவிஞர்களும் கோயில் குருமாரும் எழுதிவைத்த நாட்குறிப்பு இன்று சாஸ்திரத்துக்கு உதவுகிறது. நம்மிடம் 99 பூக்களின் பெயர் இருக்கிறது. அவை பூத்த நாளை எழுதிவைக்கும் பழக்கந்தான் வேரூன்றவில்லை. இது பிறப்பில் வந்த குறையா?

வளைவுகளைக் கடந்து சுமார் 5,000 அடி உயரத்தை அடைந்ததும் தேயிலைத் தோட்டங்கள் கண்ணுக்கெட்டிய மட்டும் விரிகின்றன. பழைய பெயர் பச்சைக்கூமாச்சி மலை. வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் ஹைவேவிஸ் என்று பெயரிட்டார்கள். நடுநடுவே மணலாறு, இரவங்கலாறு முதலிய அணைகளின் நீர்ப்பரப்பு. காலையில் மேகம் இறங்கிச் செடிகளின்மேல் படுத்துக்கொள்கிறது. ஒன்பது மணிக்கு மேல் அது விலகும்போது, முதுகில் கூடை மாட்டிய பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பது தெரிகிறது.

இந்தத் தேயிலையைப் பற்றி ஜப்பானில் ஒரு கதை வழங்குகிறது. தியானத்தில் தூக்கம் வந்து கெடுத்ததால் போதிதர்மர் தம் கண்ணிமைகளை அறுத்து எறிந்தாராம். அவை விழுந்த இடத்தில் முளைத்ததே தேயிலைச் செடி என்பார்கள். போதிதர்மர் தென்னிந்திய அரசகுமாரர் என்பது சீனத்தில் வழங்கும் பழைய மரபு. அவர் காஞ்சிபுரத்தவர் என்று நம்மவர் கொண்டாடுகிறார்கள். கதை கதையாகவே இருக்கட்டும். சரித்திரத்தில் தெரிவது என்னவென்றால், ஈசாய் என்ற ஜப்பானியத் துறவி 1191-ல் சீனாவிலிருந்து திரும்பியபோது தேயிலை விதைகளைக் கொண்டுவந்தார். இரவல் பொருள்தான் அது. ஆயினும் ஜப்பானியர் அதை இரவலாகவே வைத்திருக்கவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் ஸென் நோ ரிகியூ என்பவர் தேநீர் வழங்குவதை ஒரு தவம்போல ஆக்கினார். அவர் விரும்பிய தேநீர்க் குடில் மண்சுவரும் கூரையுங் கொண்ட சிறு அறை. அதன் வாசல் இரண்டரை அடி உயரங்கூட இல்லாதது. பெரிய பிரபுவானாலும் வாளை வெளியே கழற்றி வைத்துவிட்டு, மண்டியிட்டுத் தலை குனிந்துதான் உள்ளே போக வேண்டும். உள்ளே போனபின் பிரபுவென்றும் வர்த்தகனென்றும் பேதமில்லை. கடைசியில் ரிகியூ, ஜப்பானையே ஆண்ட ஹிதெயோஷியின் கோபத்துக்கு ஆளாகி, அவன் கட்டளைப்படி 1591-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் வகுத்த முறை இன்றும் நடந்துவருகிறது.

ஜப்பானில் வளர்வதும் மேகமலையில் வளர்வதும் ஒரே இனத்துச் செடிதான். அவர்கள் பறித்த இலையை உடனே ஆவியில் வேகவைத்துப் பச்சை நிறம் மாறாமல் காக்கிறார்கள். நம் நாட்டில் அதை வாடவைத்து, நசுக்கி, காற்றில் பதப்படுத்திக் கறுப்பாக்குகிறார்கள். இலை ஒன்று, வழிதான் இரண்டு. வழியைப் பற்றி நமக்கு வருத்தமில்லை. நமது சின்னமனூர்க் கடைத் தேநீரைவிட மேலான பானம் உலகில் உண்டென்று ஒப்புக்கொள்ள நாம் தயாராக இல்லை. நம் வருத்தமெல்லாம் வேறு. ஒரு கோப்பைத் தேநீரைக் கொடுக்கும் கைக்கும் வாங்கும் கைக்கும் நடுவில் மரியாதை இருக்கவேண்டும் என்று அவர்கள் விதி வகுத்தார்கள். நாமோ சில கிராமங்களில் ஒரே கடையில் இரண்டு விதக் குவளை வைத்திருந்தோம். அந்தக் கொழுந்தைப் பறித்த பெண் லயன் வீட்டில் எப்படி வாழ்கிறாள் என்றும் நாம் கேட்பதில்லை. ஜப்பானின் சிறு வாசலை நாம் வியக்கலாம். அதில் குனிந்து நுழைய நமது முதுகு சம்மதிக்கிறதா என்பதே கேள்வி.

காட்டைக் காத்தவர் யார்?

தேயிலைக்கு மேலே, மலையின் மடிப்புகளில் சோலைக் காடுகள் இருக்கின்றன. சிங்கவால் குரங்கும் இருவாச்சிப் பறவையும் யானையும் வாழும் காடுகள் இவை. 1948-ல் ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டக்காரர் இங்கே ஒரு வௌவாலைப் பிடித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அது வேறொரு இனமென்று தவறாகக் கருதப்பட்டு 24 வருஷம் பெட்டியில் கிடந்தது. 1972-ல் தாய்லாந்து விஞ்ஞானி ஒருவர் பரிசோதித்து, உலகம் அதுவரை அறியாத புதிய இனம் என்று கண்டுபிடித்து, பறவையியல் அறிஞர் ஸாலிம் அலியின் பெயரை அதற்கு இட்டார். நம் வீட்டுக் கொல்லையில் இருந்த பொக்கிஷத்தை அடையாளம் காணப் பிற தேசத்தார் வரவேண்டியிருந்தது.

இந்த மலைக் காட்டில் பெய்யும் மழையே சுருளி அருவியாக விழுகிறது. இதை அடுத்த வருஷநாட்டு மலைகளில்தான் வைகை பிறக்கிறது. மதுரைக்கும் சிவகங்கைக்கும் ராமநாதபுரத்துக்கும் தண்ணீர் உண்டா இல்லையா என்பது இந்தக் காடு இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது. 2009-ல் இது வன உயிரினச் சரணாலயமாயிற்று. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாக, 1,016 சதுர கிலோமீட்டர் பரப்புடன், தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் என்ற அந்தஸ்தைப் பெற்றது.

ஜப்பானில் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு காடு. தொழிற்சாலைகளுக்குப் பேர்போன நாட்டில் இத்தனை காடா என்று கேட்பவர் வியப்படைவர். ஜப்பானியருக்கு மரத்தின்மேல் பிறவிப் பற்று என்று சிலர் காரணம் சொல்வார்கள். சரித்திரம் வேறு சொல்கிறது. மெய்ஜி காலத்தில் தொழில் வளர வேண்டும் என்ற வேகத்தில் அவர்களும் மலைகளை மொட்டையடித்தார்கள். ஆஷியோ என்ற இடத்துத் தாமிரச் சுரங்கத்துக்காக மரங்கள் வெட்டப்பட்டன. எஞ்சியவை சுரங்கப் புகையில் கருகின. வெறும் மலையிலிருந்து வெள்ளம் பாய்ந்தது. வதராஸே ஆற்றில் விஷம் கலந்து மீன் செத்தது, வயல் பாழாயிற்று.

அந்த ஜில்லாவின் பிரதிநிதியாகப் பார்லிமெண்டில் இருந்தவர் தனக்கா ஷோஸோ. 1891 முதல் பத்து வருஷம் சபையில் இதைப் பற்றியே பேசினார். சர்க்கார் செவி சாய்க்கவில்லை. 1901-ல் பதவியை ராஜிநாமாச் செய்துவிட்டு, டிசம்பர் 10-ஆம் தேதி வீதியில் சென்ற சக்கரவர்த்தியின் வண்டியை நோக்கி மனுவுடன் ஓடினார். காவலர் பிடித்துக்கொண்டார்கள். பைத்தியம் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். பிறகு சர்க்கார் யனக்கா என்ற கிராமத்தையே கலைக்க முற்பட்டபோது, அவர் அங்கே போய்க் குடியேறி அந்த ஜனங்களோடு நின்றார். 1913-ல் அவர் இறந்தபோது அவரிடம் இருந்த பையில் ஒரு புதிய ஏற்பாடும், அரசியல் சட்டப் புத்தகமும், தாம் எழுதிய காகிதங்களும், ஆற்றங்கரையில் பொறுக்கிய சில கூழாங்கற்களும் இருந்தனவாம். ஒரு தேச ஊழியனுக்கு இதைவிடச் சிறந்த சொத்து வேறென்ன வேண்டும்?

வெள்ளங்களும் கிளர்ச்சிகளும் சர்க்காரை அசைத்தன. 1896-ல் ஆறுகளைப் பற்றிய சட்டமும், 1897-ல் காடுகளைப் பற்றிய சட்டமும் மண்ணரிப்பைத் தடுக்கும் சட்டமும் பிறந்தன. ஆற்றின் தலைமாட்டில் உள்ள காட்டை வெட்டக் கூடாது என்ற காப்புக்காட்டு முறை அப்போதுதான் தேச முழுவதற்கும் ஏற்பட்டது. ஆகவே ஜப்பானின் பசுமை மண்ணிலிருந்து தானாக முளைத்ததன்று. ஜனங்கள் கேட்டார்கள், சட்டம் வந்தது, நட்டார்கள், காத்தார்கள். அதிலும் அவர்கள் தவறாமல் இல்லை. சென்ற யுத்தத்துக்குப் பின் மரத்தேவையை உத்தேசித்துப் பழைய காடுகளை அழித்து ஸுகி என்ற ஒரே ஜாதி மரத்தை மலைமலையாக நட்டார்கள். இன்று வசந்தகாலம் வந்தால் அதன் மகரந்தம் பறந்து கோடிக்கணக்கான ஜனங்கள் தும்மலாலும் கண்ணெரிச்சலாலும் அவதிப்படுகிறார்கள். ஒரே செடியை மலை முழுவதும் நடுவோர் இதை நினைவில் வைப்பது நல்லது.

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. ஆனால் வருஷநாட்டுப் பகுதியில் வனத்துறைக்கும், தலைமுறையாகக் காட்டு நிலத்தில் உழுது பிழைக்கும் ஏழைகளுக்கும் வழக்கு நீண்டுகொண்டே வருகிறது. காட்டின் குணமறிந்த பளியர் காட்டின் ஓரத்தில் நிற்கிறார்கள். காட்டைக் காப்பதென்றால் மனிதரைத் துரத்துவது என்று அதிகாரிகளும், மனிதரைக் காப்பதென்றால் மரத்தை வெட்டுவது என்று மற்றவர்களும் எண்ணும்வரை வைகைக்கு விடிவில்லை. ஆற்றையும் அதன் கரையில் வாழும் ஜனங்களையும் ஒரே வழக்காக எடுத்து வாதாடிய தனக்கா போன்ற ஒருவர் நம்மிடையே தோன்றவேண்டும்.

வயலுக்கு வந்த ஜப்பான்

மலையிலிருந்து கீழே பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கு பச்சைப் பாய் விரித்ததுபோல் தெரிகிறது. 1895-ல் பென்னிகுயிக் துரை கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திரும்பி இங்கே பாய்கிறது. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளையும் பூமி.

ஜப்பானியரிடமிருந்து நாம் ஒன்றும் கற்கமுடியாது என்பவருக்கு இந்த நெல்லே பதில் சொல்லும். 1953-ல் பாரத சர்க்கார் ஜப்பானிய முறை நெல் சாகுபடி என்று நாடெங்கும் ஒரு இயக்கம் நடத்தியது. மேட்டுப்பாத்தியில் விதையைக் கலக்க விதைத்து நாற்று வளர்ப்பது, குத்துக்கு இரண்டு மூன்று நாற்றாகக் கயிறு பிடித்து வரிசையில் நடுவது, வரிசைக்கு நடுவே கருவியை உருட்டிக் களை எடுப்பது, எருவைக் கணக்காக இடுவது ஆகியவையே அம்முறை. நெருக்கி நட்டால்தான் விளையும் என்று நம்பிய குடியானவர்களுக்கு முதலில் அது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். எனினும் வரிசை நடவு நம் வயலை விட்டுப் பின்பு போய்விடவில்லை.

அதோடு நிற்கவில்லை. ஜப்பானிய நோரின் 10 என்ற நெல்லையும், கோயமுத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1921-ல் வெளியிட்ட ஜி.இ.பி. 24 என்ற நம் நெல்லையும் கலந்து ஆடுதுறை 27 என்ற ரகம் உருவாயிற்று. 1960-களின் நடுவில் தஞ்சை ஜில்லாவில் குறுவைக்கு அது பரவியபோது, உணவுப் பஞ்சத்தில் தவித்த தேசத்துக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஜப்பானிய நெல்லை அப்படியே கொண்டுவந்து நட்டிருந்தால் நம் வெயிலில் அது பயன்பட்டிராது. நம் நெல்லோடு நம் விஞ்ஞானிகள் கலந்ததால்தான் பயன்பட்டது. பிற தேசத்தாரிடம் கற்பதற்கு இதுவே சரியான உபமானம். விதை எங்கிருந்தும் வரலாம். அது நம் மண்ணில் வேர்விட வேண்டும்.

துடைப்பம் யார் கையில்?

இனி, அந்த வாலிபர்களை மிகவும் வியக்கச் செய்த பள்ளிக்கூடத் துடைப்பத்துக்கு வருவோம். ஜப்பானியப் பள்ளிகளில் தினந்தோறும் ஒரு நேரம் குறித்து, எல்லாப் பிள்ளைகளும் வகுப்பறையையும் தாழ்வாரத்தையும் பெருக்கித் துடைக்கிறார்கள். மத்தியான போஜனத்தையும் அவர்களே முறைவைத்துப் பரிமாறுகிறார்கள். 1954-ல் அங்கே பள்ளி உணவுக்குச் சட்டம் வந்தது. இங்கே 1956-ல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கினார். உணவளிப்பதில் நாம் அவர்களுக்குப் பின்வாங்கியவர்கள் அல்லர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போவதும், குளித்தபின்பே சுத்தமானவர் என்று கருதுவதும் இரு தேசத்துக்கும் பொதுவான ஆசாரம். பின் துடைப்பம் மட்டும் நமக்கு ஏன் வரவில்லை?

காரணத்தை நாம் மறைப்பதில் பயனில்லை. துடைப்பத்தை நாம் ஒரு ஜாதியின் கையில் கொடுத்து, அந்த ஜாதியை ஊருக்கு வெளியே வைத்தோம். தன் அறையைத் தான் பெருக்குவது இழிவு என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் சொல்லிக் கொடுத்தோம். ஒரு பள்ளியில் பிள்ளைகள் பெருக்கினார்கள் என்றால், எந்தப் பிள்ளைகளைப் பெருக்கச் சொன்னார்கள் என்று கேட்கவேண்டிய நிலையில் இன்றும் இருக்கிறோம். அந்தக் கேள்வி நியாயமானது. எல்லாப் பிள்ளைகளும் பெருக்கும்போதுதான் அது கல்வி. சில பிள்ளைகளை மட்டும் பெருக்கச் செய்தால் அது அநீதி.

ஜப்பானில் மட்டும் இந்தப் பாவம் இல்லையா என்றால், உண்டு. தோல் பதனிடுவோர் முதலானோரைப் புராக்குமின் என்று ஒதுக்கி, தனிச் சேரிகளில் வைத்திருந்தார்கள். 1871-ல் சட்டம் அவர்களைச் சமமென்று சொல்லியும் ஜனங்களின் மனம் மாறவில்லை. 1922-ல் கியோட்டோவில் அவர்களே கூடி, தங்கள் உரிமைக்காகச் சங்கம் அமைத்துப் போராடினார்கள். அங்கும் பேதம் முற்றும் ஒழிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. நம் மதுரையில் 1939-ஆம் வருஷம் ஜூலை 8-ஆம் தேதி, ஒரு வக்கீலாகிய வைத்தியநாத ஐயர் ஹரிஜன நண்பர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றார். அன்று அந்தக் கோயில் வாசலைத் திறந்தவர்கள் இந்த மண்ணில் பிறந்தவர்கள்தானே? பள்ளிக்கூடத்துத் துடைப்பத்தை எல்லாப் பிள்ளைகள் கையிலும் கொடுப்பது அதைவிடக் கடினமான காரியமா?

வைக்கோற்போர் வெளிச்சம்

ஜப்பானிய மொழியிலிருந்து தமிழர் அனைவரும் கற்றுக்கொண்ட ஒரு சொல் உண்டு. சுனாமி என்பதே அது. 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி நாகப்பட்டினத்துக் கரையில் அச்சொல்லின் பொருளைக் கண்ணீரோடு கற்றோம். ஜப்பானியர் அதைப் பலமுறை கற்றவர்கள்.

1854-ஆம் வருஷம் டிசம்பர் 24-ஆம் தேதி ஹிரோ என்ற கடற்கரைக் கிராமத்தைச் சுனாமி தாக்கிற்று. பொழுது சாய்ந்து இருட்டிவிட்டது. ஓடத் தெரியாமல் ஜனங்கள் தண்ணீரில் தத்தளித்தார்கள். ஊரின் செல்வரான ஹமகுச்சி கோரியோ வழியிலிருந்த வைக்கோற்போர்களுக்குத் தீ வைக்கச் செய்தார். அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் மேட்டிலிருந்த கோயிலை அடைந்து உயிர் தப்பினார்கள். இந்த ஒரு செய்கைக்காகவே அவரைக் கொண்டாடலாம். ஆனால் அவருடைய பெருமை மறுநாள்தான் தொடங்கியது என்பது நம் கருத்து. வீடிழந்து ஊரை விட்டு ஓட இருந்த ஜனங்களைக் கொண்டே, தம் சொந்தப் பணத்தில் கூலி கொடுத்து, நாலு வருஷத்தில் கடலோரம் ஒரு பெரிய கரையை எழுப்பினார். 1946-ல் மறுபடியும் சுனாமி வந்தது. 90 வருஷத்துக்கு முன் கட்டிய அந்தக் கரை கிராமத்தின் பெரும் பகுதியைக் காத்தது. 2015-ல் ஐக்கிய நாட்டுச் சபை நவம்பர் 5-ஆம் தேதியை உலகச் சுனாமி விழிப்புணர்வு நாளாக ஏற்றுக்கொண்டதற்கு அந்த நிகழ்ச்சியே காரணம்.

நம் தேனி ஜில்லாவிலும் தீயின் கதை ஒன்று உண்டு. 2018-ஆம் வருஷம் மார்ச் 11-ஆம் தேதி, குரங்கணி மலையில் நடந்து சென்ற வாலிபர்களைக் காட்டுத்தீ வளைத்துக்கொண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த வாரம் நாம் எல்லோரும் அழுதோம். அழுத பிறகு என்ன கரை எழுப்பினோம் என்பதை ஒவ்வொரு கோடைகாலத்திலும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். துக்கம் எல்லா ஜாதிக்கும் பொது. துக்கத்துக்கு மறுநாள் செய்கிற காரியத்தில்தான் தேசத்துக்குத் தேசம் வித்தியாசப்படுகிறது.

மறு பக்கம்

வழக்கில் ஒரு தரப்பை மட்டும் சொல்வது முறையன்று. 1916-ல் ஜப்பானுக்குப் போன ரவீந்திரநாத் தாகூர், அந்நாட்டின் அழகுணர்ச்சியைப் போற்றினார். அதே சமயம் ஐரோப்பாவின் ஆதிக்க வெறியைப் பின்பற்றவேண்டாம் என்று அங்கேயே எச்சரித்தார். அந்த எச்சரிக்கையை அவர்கள் கேட்கவில்லை. 1910-லேயே கொரியாவை விழுங்கியிருந்தார்கள். சென்ற உலக யுத்தத்தில் அவர்கள் செய்த கொடுமைகளில் ஒன்று தமிழரின் இரத்தத்திலேயே எழுதப்பட்டது. 1942, 1943-ஆம் வருஷங்களில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடுவதற்காக, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களை ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுபோனார்கள். பசியாலும் காலராவாலும் அடியாலும் பல்லாயிரம் பேர் அந்தக் காட்டில் மடிந்தார்கள். நிமிஷம் தவறாத ரயில்களைப் புகழும்போது அந்த ரயில்பாதையையும் நாம் மறக்கலாகாது. அதே யுத்த காலத்தில் நேதாஜியின் படையில் சேர்ந்த மலாயாத் தமிழரையும் நினைக்கிறோம். அவர்கள் நாடியது இந்தியாவின் விடுதலையை, ஜப்பானின் ஆட்சியை அன்று.

இன்றைய ஜப்பானுக்கும் துயரங்கள் இல்லாமல் இல்லை. வேலை செய்தே சாவதற்கு அவர்கள் மொழியில் கரோஷி என்று தனிச் சொல் ஏற்பட்டுவிட்டது. ஏறக்குறையப் பத்துப் பேரில் மூவர் 65 வயதைக் கடந்தவர்கள். மலைக்கிராமங்களில் பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடங்கள் மூடப்படுகின்றன. ஆகையால் ஜப்பான் தேவலோகமும் அன்று, ஜப்பானியர் தேவரும் அல்லர். தவறு செய்து, அடிபட்டு, திருத்திக்கொண்டு, மறுபடியும் தவறு செய்யும் நம்மைப்போன்ற மனிதர்களே. நம் வாலிபர்களுக்கு நாம் சொல்ல விரும்பும் நற்செய்தியே இதுதான். தேவரைப் பார்த்து மனிதன் கற்க முடியாது. மனிதரைப் பார்த்துக் கற்கலாம்.

குரங்கு சொல்லும் பாடம்

மலையிலிருந்து இறங்கும்போது ஒரு மரக்கிளையில் சிங்கவால் குரங்குக் கூட்டம் ஒன்றைக் கண்டோம். உடனே ஜப்பானியக் குரங்கு ஒன்றின் நினைவு வந்தது. கோஷிமா என்ற சிறு தீவில் ஆராய்ச்சியாளர்கள் குரங்குகளுக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் போட்டு வந்தார்கள். 1953-ல் ஒரு குட்டிப் பெண் குரங்கு, மண் ஒட்டிய கிழங்கை ஓடைத் தண்ணீரில் கழுவித் தின்றது. அதைப் பார்த்து அதன் விளையாட்டுத் தோழர்கள் கழுவின. பிறகு அதன் தாய் கழுவிற்று. சில வருஷங்களில் கூட்டத்தின் பெரும்பகுதி கழுவித் தின்னக் கற்றுக்கொண்டது. கடைசிவரை கற்காதவை பெரும்பாலும் வயது வந்த ஆண் குரங்குகளே. கூட்டத்தில் பெரியவர் என்ற கௌரவம் அவற்றுக்கு மண்ணைத் தின்பதிலேயே இருந்தது போலும்!

நம்மைப்போன்ற வயது வந்தவர்களுக்கு அதில் ஒரு குத்தல் இருக்கிறது. அதை நாம் ஏற்றுக்கொள்கிறோம். நாட்டுக் காரியங்களில் ஈடுபட்டிருக்கும் நேயர்கள் மேடையில் பேசும் வேலையை ஒரு நாள் நிறுத்திவிட்டு, தங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய் முதல் துடைப்பத்தைத் தாங்களே எடுக்கட்டும். சின்னமனூரிலும் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் உள்ள வாலிபர் சங்கங்கள் இந்த மலையில் எந்தப் பூ எந்த நாளில் பூத்தது, எந்த ஓடை எந்த மாதத்தில் வற்றிற்று என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கட்டும். அதற்குச் சர்க்கார் உத்தரவும் வேண்டாம், பெரும் பணமும் வேண்டாம்.

திரும்பி வரும்போது அதே தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்தினோம். தீர்ப்புச் சொன்ன வாலிபர் அங்கே இல்லை. இருந்திருந்தால் ஒன்றே ஒன்று கேட்டிருப்போம். அவர் கையிலிருந்த தேநீர் மேகமலைச் செடியில் விளைந்தது. அவர் வீட்டுச் சோறு மேற்கே ஓடிய ஆற்றைக் கிழக்கே திருப்பிய தண்ணீரில் விளைந்தது. ஆற்றின் போக்கையே மாற்ற மனிதரால் முடியுமானால், தம் வழக்கங்களை மாற்றிக்கொள்ள அவர்களால் முடியாதா? நமது விசாரணையில் சாட்சிகள் சொன்னது தெளிவாகவே இருக்கிறது. பிறப்பு வேறு என்ற வாதம் நிரூபிக்கப்படவில்லை. நமக்கு வராது என்ற தீர்ப்பை ரத்து செய்கிறோம். அப்பீலில் அதை உறுதிப்படுத்துவதோ தள்ளுவதோ நம் வாலிபர்கள் கையில் இருக்கிறது.